முடிச்சூர்ல வீடு வாங்கலாமா? அடையாற்றின் வெள்ளச் சமவெளியில் ஒரு நடை

(எபிசோடில் பேசியது, வாசிப்பதற்காகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தப்பட்டிருக்கிறது.)

போன மாசம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம், ரெண்டு பேருக்கும் வேலை ஓஎம்ஆர்ல. மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் ரோட்டுல உள்ளே போனா ஒரு டபுள் பெட்ரூம் ஃப்ளாட் பட்ஜெட்டுக்குள்ள வருது. "அண்ணா, 2015 எல்லாம் பழைய கதை, இப்போ கால்வாய் எல்லாம் கட்டிட்டாங்கன்னு புரோக்கர் சொல்றார். வாங்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க"ன்னு கேட்டார்.

தம்பி, ஒரு வார்த்தையில சொல்ல முடியல. அதனாலதான் ஒரு முழு எபிசோட்.

எனக்கும் இந்தக் கேள்வியில் கொஞ்சம் சொந்த சம்பந்தம் உண்டு. 2015-ல் நான் அந்தப் பக்கத்தில்தான் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தேன். டிசம்பர் 1 ராத்திரி எங்க தெருவுக்குத் தண்ணி வந்தது. நாங்க எல்லாரும் ஆறு இருக்கிற திசையையே பார்த்துக்கிட்டு மொட்டை மாடியில் நின்னுக்கிட்டிருந்தோம். தண்ணி வந்தது எதிர்த் திசையிலிருந்து, தெருவோரச் சாக்கடை வழியா, சத்தமே இல்லாம. ரெண்டு நாள் கழிச்சு ஆத்துல மட்டம் இறங்கிடுச்சுன்னு சொன்னாங்க. எங்க தெருவுல இறங்கல. இது ஏன்னு ரொம்ப நாள் எனக்குப் புரியல. வெள்ளச் சமவெளி எப்படி உருவாகுதுன்னு படிச்ச பிறகுதான் அந்த ராத்திரி எனக்கு விளங்கிச்சு. இன்னிக்கு அதைத்தான் பேசப் போறோம்.

முதல்ல மலை

ஸ்கூல் புவியியல் புத்தகத்தில் ஆறுன்னா மலையில் பிறந்து, சமவெளியில் நடந்து, கடலில் சேரும். அடையாறு அப்படிக் கிடையாது. இதுக்கு ஊற்று இல்லை, பனிமலை இல்லை. மொத்த நீளமே 42 கிலோமீட்டர் அளவுதான். ஆதனூர் ஏரியில் ஆரம்பிக்கிறதாகச் சொல்வோம். உண்மையில் ஆதனூர், மணிமங்கலம், சோமங்கலம், ஒரத்தூர்னு வரிசையா இருக்கிற ஏரிகள் நிரம்பி, கலங்கல் வழியா வழியற தண்ணிதான் இந்த ஆறு. ஏரி நிரம்பலைன்னா ஆறே இல்லை. வருஷத்தில் ஒன்பது மாசம் முடிச்சூர் பாலத்தில் நின்னு பார்த்தா ஒரு பெரிய வாய்க்கால் மாதிரிதான் தெரியும். "இதுக்கா பயந்தீங்க?"ன்னு புதுசா வந்தவங்க கேப்பாங்க.

ஆனா இந்த ஏரிகளுக்குத் தண்ணி கொடுக்கிற நிலத்தைப் பாருங்க. வண்டலூர் காப்புக்காடு, தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவுல பச்சைமலை, பல்லாவரம் மலை, திருநீர்மலை, குன்றத்தூர். ரயிலில் கிண்டியிலிருந்து தாம்பரம் வர்ற வழியெல்லாம் ஜன்னல்ல தெரியும் சின்னச் சின்ன மொட்டைக் குன்றுகள். அந்தக் கல்லுக்கு சார்னகைட்னு பேர். இதில் ஒரு சுவாரசியம் இருக்கு. கல்கத்தாவை நிறுவினவர்னு சொல்லப்படுகிற ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதிச்சிருந்த கல்லைப் பார்த்துத்தான் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893-ல் அந்தப் பேரை வச்சார். அந்தக் கல் வகைக்கு உலகம் முழுக்க அடையாள இடமாகச் சொல்லப்படுவது நம்ம பரங்கிமலை, பல்லாவரம் பக்கம்தான். பல்லாவரம் மலை கல்கத்தா ஆள் பேரில் உலகப் பிரசித்தி ஆயிடுச்சு.

சார்னகைட் ரொம்ப கெட்டியான, வயசான பாறை. அதன் மேல் மண் மெல்லிசா இருக்கும். மழை பெய்தா உள்ளே இறங்க இடம் கிடையாது, அப்படியே சரிஞ்சு கீழே ஓடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் காடும் மண்ணும் தண்ணியை நாள்கணக்கில் பிடிச்சு வச்சு மெதுவா விடும். இங்கே மணிக்கணக்குதான். குன்று முடிஞ்ச இடத்தில் நேரா தட்டை நிலம். நடுவுல படிப்படியான சரிவே கிடையாது.

பிறகு சரிவு

செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி நிக்கும்போது அதன் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 85.4 அடி. அதாவது சுமார் 26 மீட்டர், ஒரு எட்டு மாடிக் கட்டடம் உயரம். அங்கிருந்து பட்டினப்பாக்கம் கடல் நேர்கோட்டில் 25 கிலோமீட்டர் அளவு இருக்கும், ஆறு வளைஞ்சு போறதால இன்னும் அதிகம். கணக்குப் போட்டா ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறக்கம் தேறாது. உங்க வீட்டு பாத்ரூம் தரைக்கு மேஸ்திரி கொடுக்கிற வாட்டம் இதைவிடப் பல மடங்கு அதிகம்.

இவ்வளவு தட்டையான நிலத்தில் ஓடுற தண்ணிக்கு வேகம் குறையும். வேகம் குறைஞ்சா அது தூக்கிக்கிட்டு வந்த மண்ணைக் கீழே போடணும். வெள்ளச் சமவெளி என்பது இப்படி ஆறு கீழே போட்ட மண்தான். தமிழில் இதுக்கு ரொம்ப நல்ல ஒரு சொல் இருக்கு: படுகை. காவிரிக் கரையில் படுகை நிலம்னு சொன்னா எந்த விவசாயிக்கும் புரியும். ஆத்தை ஒட்டி, வெள்ளம் வந்தா மூழ்கி, வடிஞ்சா வண்டல் படிஞ்சு, விளைச்சல் கொடுக்கிற நிலம். இப்போ நாம படுகைன்னா மொத்த நதிநீர்ப் பரப்புன்னு அர்த்தம் பண்ணிக்கிட்டோம். பழைய அர்த்தம்தான் நமக்கு இங்கே வேணும்.

படுகை ஒரே மட்டமா இருக்கும்னு நினைப்போம். இருக்காது. என் தெருவில் நடந்ததுக்குக் காரணம் அந்த மேடு பள்ளம்தான், அதனால இதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

ஆறு கரை புரண்டு வெளியே வருதுன்னு வச்சுக்குங்க. பள்ளமான ஆற்றுக்குள் வேகமா வந்த தண்ணி, கரையைத் தாண்டின உடனே பரந்து, மெலிசாகி, சட்டென்று வேகம் இழக்கும். கனமான மணல் முதலில் விழும், கரை ஓரத்திலேயே. மெல்லிய களிமண் மட்டும் தண்ணியோடு தூரம் போய், தேங்கின இடத்தில் மெதுவா படியும். இப்படி நூறு வெள்ளம், ஆயிரம் வெள்ளம் வந்தா என்ன ஆகும்? ஆத்தை ஒட்டின நிலம் மணல் சேர்ந்து சேர்ந்து கொஞ்சம் உயரும். அதற்குப் பின்னால், ஆத்திலிருந்து தள்ளி இருக்கிற நிலம், களிமண் படிஞ்ச தாழ்வா நின்னுடும். முன்னது இயற்கைக் கரை. பின்னது பின்சதுப்பு. ஆத்துக்குப் பக்கம் ஆபத்து, தள்ளிப் போனா பத்திரம்னு நாம நினைக்கிறது இங்கே தலைகீழாப் போயிடுது.

இப்போ தண்ணி வடியற கதை. ஆத்துல மட்டம் இறங்கினாலும், பின்னால தேங்கின தண்ணி திரும்ப ஆத்துக்குப் போக அந்த மேட்டைத் தாண்டணும். கீழே களிமண், உள்ளேயும் இறங்காது. ஏதாவது ஓடை வழியாத்தான் வெளியே போகணும். ஆத்துல மட்டம் ஏறி இருக்கும்போது அந்த ஓடைகள் பின்னோக்கி ஓடும். இரும்புலியூர் பக்கத்திலிருந்து மேற்குத் தாம்பரம், முடிச்சூர் வழியா அடையாற்றில் சேரும் பாப்பான் கால்வாய் மாதிரியான வாய்க்கால் எதுவானாலும் இதே கதைதான். ஆறு நிரம்பி இருந்தா வாய்க்காலின் வாய் அடைச்ச மாதிரி. மேலிருந்து வர்ற மழைத்தண்ணி போக இடம் இல்லாம ஊருக்குள்ள நிக்கும். அன்னிக்கு ராத்திரி எங்க தெருவுக்குச் சாக்கடை வழியா வந்தது இதுதான். ஆறு எங்களைத் தேடி வரல. எங்க தண்ணியை அது வாங்கிக்கல.

மழை வர்ற விதம்

சென்னையில் வருஷத்துக்கு சராசரியா 140 சென்டிமீட்டர் அளவு மழை. லண்டனைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆனா அங்கே வருஷம் முழுக்கத் தூறிக்கிட்டே இருக்கும். நமக்கோ பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதிலும் பெரும்பங்கு சில நாட்களில், ஏதாவது ஒரு காற்றழுத்தத் தாழ்வோ புயலோ கரைக்கு வரும்போது. வருஷம் முழுக்க ஒரே அளவு தண்ணி ஓடுற ஆறு தனக்கு வேண்டிய அளவு பாதையை வெட்டிக்கும். நம்ம ஆறுகள் அப்படி இல்லை. சாதாரண நாளுக்கு ஒரு சின்னப் பாதை, பத்து வருஷத்துக்கு ஒருமுறை வர்ற பெருமழைக்கு ஒரு பெரிய பாதை. அந்தப் பெரிய பாதைதான் வெள்ளச் சமவெளி. சின்னதை மட்டும் ஆறுன்னு சொல்லி, பெரியதை மனைப்பிரிவுன்னு பதிவு பண்ணிக்கிட்டோம்.

2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் மட்டும் 100 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கிட்டத்தட்ட நூறு வருஷத்தில், 1918-க்குப் பிறகு, அப்படி ஒரு நவம்பர் கிடையாது. முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் அந்த நவம்பரிலேயே ஒருமுறை மூழ்கி, ஹெலிகாப்டர் வந்து ஆட்களைத் தூக்க வேண்டியதாச்சு. ஏரி எல்லாம் நிரம்பி, மண் எல்லாம் ஊறி, இனிமேல் ஒரு சொட்டுக்கூடக் குடிக்க முடியாதுன்னு நிலம் நின்னுக்கிட்டிருந்த சமயத்தில் டிசம்பர் 1 வந்தது. மறுநாள் காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்தில் 47.

49 சென்டிமீட்டர்னா என்ன? ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 49 கோடி லிட்டர். கோடை காலத்தில் உங்க அபார்ட்மென்டுக்கு வருமே 12,000 லிட்டர் தண்ணி லாரி, அதில் 40,000 லாரிக்கு மேல். ஒரே ஒரு சதுர கிலோமீட்டருக்கு, ஒரே நாளில். அடையாற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியோ பல நூறு சதுர கிலோமீட்டர்.

செம்பரம்பாக்கம் பத்தி எல்லாரும் கேப்பீங்க. அன்னிக்கு அதிகபட்சமா 29,000 கன அடி திறந்ததாக அரசுக் கணக்கு. நொடிக்கு சுமார் 8 லட்சம் லிட்டர். முன்கூட்டியே படிப்படியா திறந்திருக்கலாமா என்பது நியாயமான கேள்வி, இந்தியத் தணிக்கைத் துறையும் தன் அறிக்கையில் ஏரியைக் கையாண்ட விதத்தைக் குறை சொன்னது. ஆனா ஒண்ணு கவனிங்க. செம்பரம்பாக்கம் உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை பக்கத்தில். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, ஆத்தின் ஆரம்பப் பக்கம் இருக்கு. அங்கே வந்தது ஆதனூர், மணிமங்கலம், சோமங்கலம் தண்ணியும் சொந்தத் தலையில் விழுந்த மழையும். முடிச்சூர் வெள்ளத்துக்கு செம்பரம்பாக்கத்தை மட்டும் திட்டிட்டு இருந்தா சொந்த ஊர் நிலத்தைப் பார்க்காமலே போயிடுவோம். கீழே ஜாஃபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரத்துக்கு அந்தக் கேள்வி வேற மாதிரி.

திருநீர்மலைக்கு ஒரு தல புராணக் கதை உண்டு. திருமங்கை ஆழ்வார் பெருமாளைப் பார்க்க வந்தார்; மலையைச் சுத்தி ஒரே தண்ணி; வடியட்டும்னு ஆறு மாசம் எதிர்ப்பக்கம் காத்திருந்து பிறகு மலை ஏறினார். அதனாலதான் நீர்மலைன்னு பேர். இதை நான் வரலாற்று ஆதாரமா சொல்லல. ரெண்டு ஓட்டம் சேர்ற இடத்துப் பக்கத்தில், படுகை நடுவுல நிக்கிற ஒரு குன்று எப்படி இருக்கும்னு அந்தக் கதையைச் சொன்னவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. டிசம்பர் 2 அன்னிக்கு எடுத்த படங்களைப் பார்த்தா உங்களுக்கும் தெரியும்.

ஜிஎஸ்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம்

தாம்பரத்தில் இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜிஎஸ்டி ரோடும் ரயில் பாதையும் போற மேடு, ஏறக்குறைய ஒரு நீர்ப்பிரிமேடு. கோடு போட்ட மாதிரி சுத்தமா இருக்காது, இரும்புலியூர் பக்கம் எல்லாம் தண்ணி ரோட்டுக்கு அடியில் புகுந்து மேற்கே போகும். ஆனா பொதுவா, மேற்குத் தாம்பரத்தில் விழுந்த மழை அடையாற்றுக்குப் போகும். கிழக்குத் தாம்பரத்தில், சேலையூரில் விழுந்த மழை பள்ளிக்கரணைக்குப் போகும். ஸ்டேஷன் சுரங்கப்பாதையின் ஒரு வாசலுக்கும் மறு வாசலுக்கும் நடுவில், ஒரு சொட்டின் விதி மாறிடுது.

கிழக்குப் பக்கம் ஆறே கிடையாது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம்னு ஏரிக்குப் பின் ஏரி. ஒண்ணு நிரம்பி அடுத்ததுக்கு. கடைசியில் பள்ளிக்கரணை. அங்கிருந்து ஏன் நேரா கடலுக்குப் போகல? கடல் சில கிலோமீட்டர் தூரம்தானே? நடுவில் திருவான்மியூர், நீலாங்கரை எல்லாம் நிக்கிற மணல் மேடு இருக்கு. கடல் அலையும் காற்றும் கரைக்கு இணையா குவிச்ச மேடு. அதுக்குப் பின்னால தாழ்வு. அதனால தண்ணி ஒக்கியம் மடுவு வழியா வெளியேறி, பக்கிங்காம் கால்வாயில் தெற்கே திரும்பி, முட்டுக்காடு போய்த்தான் கடலைப் பார்க்கும். ஆற்றங்கரை செய்யற வேலையை இங்கே கடற்கரை செய்யுது. முன்னால மேடு, பின்னால சதுப்பு. ஐம்பது சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரவியிருந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சதுப்பில், 2022-ல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது 1,248 ஹெக்டேர், அதாவது பன்னிரண்டரை சதுர கிலோமீட்டர்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது ஏன் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தன என்பதற்கு நிலத்தின் பதில் இது. அதே சமயம் பெருங்களத்தூர் பக்கம் ராத்திரி ஒரு முதலை ரோட்டைக் கடந்த வீடியோ உங்க எல்லார் போன்லயும் வந்திருக்கும். நெடுங்குன்றம் ஏரியில் முதலைகள் ரொம்ப நாளா இருக்கு. பாவம், அதுக்கும் ஏரி எது ரோடு எதுன்னு தெரியல.

கீழே போகப் போக

அடையாறு அனகாபுத்தூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம்னு வளைஞ்சு வளைஞ்சு போகும். தட்டை நிலத்தில் எந்த ஆறும் நேரா போகாது. வளைவின் வெளிப்பக்கம் வேகம் அதிகம், கரையை அரிக்கும். உள்பக்கம் வேகம் குறைவு, மணல் சேரும். இப்படியே வளைவு பெரிசாகி, ஒரு பெருவெள்ளத்தில் ஆறு குறுக்கே வெட்டிக்கிட்டுப் போயிடும், பழைய வளைவு ஏரியா தனியா நிக்கும். கங்கை, பிரம்மபுத்திரா பக்கம் சாட்டிலைட் மேப்பில் பார்த்தா இந்த மாதிரி கொம்பு வடிவக் குட்டைகள் நூற்றுக்கணக்கில் தெரியும். அடையாற்றில் அதுக்கு இடமில்லை. சின்ன ஆறு, ரெண்டு பக்கமும் குன்று, அப்புறம் ரெண்டு பக்கமும் நாம. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுதளமே ஆற்றின் மேல் பாலம் போட்டு நீட்டினதுதான். 2015-ல் விமான நிலையம் டிசம்பர் 6 வரை மூடிக் கிடந்து, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானம் விட்டாங்க.

ஆறுகள் இன்னும் பெரிசாவும் இடம் மாறும். இன்னிக்கு கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலில் சேர்ற பாலாறு, ஒரு காலத்தில் சென்னைக்கு வடக்கே கொசஸ்தலையாறு போற பாதையில் ஓடியதாக நிலவியலாளர்கள் சொல்றாங்க. பல்லாவரத்தில் 1863 மே 30 அன்னிக்கு ராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டெடுத்த கற்கால ஆயுதம், இந்தியத் தொல்லியலையே திருப்பிப் போட்டதே, அதுவும் கிடைச்சது ஒரு சரளைக் குழியில்தான். நம்ம காலடியில் இருக்கிற சரளையும் மணலும் களிமண்ணும், நாம பார்க்காத மழைகள் எழுதி வச்ச கணக்கு.

முகத்துவாரத்தில் இன்னொரு ஆட்டம். கடல் ஓட்டம் வருஷத்தில் பெரும்பாலும் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும். துறைமுகம் கட்டின பிறகு அந்த மணல் தடுத்து நின்னு சேர்ந்துதான் மெரினா இவ்வளவு அகலம் ஆச்சு. அதே மணல் அடையாறு வாயிலும் குவியும். மழைக்காலத்தில் ஆறு பலமா ஓடினா மேட்டை உடைச்சுக்கிட்டுப் போகும். கோடையில் ஆற்றில் பலமில்லை, வாய் மூடிக்கும். அதனால்தான் மழைக்கு முன்னாடி இயந்திரம் வச்சு அள்ளுறாங்க. ஓட்டம் அங்கே தடுமாறுவதால் மண்ணைக் கொட்டும், திட்டு உருவாகும். கிவிபிள் தீவுன்னு ஒரு இடம் அப்படி ஆற்று வாயில் இருந்தது, இப்போ தீவுன்னு யாருக்கும் தோணாது. காவிரியில் இதுக்குத் தனித்தனிப் பேரே இருக்கு: அரங்கம், துருத்தி. ஸ்ரீரங்கம் ஒரு ஆற்றிடைக்குறை. குத்தாலத்தின் பழைய பேர் திருத்துருத்தி.

ஊர் எங்கே இருந்தது?

வெள்ளத்துக்குப் பிறகு, சேறு வழிச்சுக்கிட்டிருந்த நாள் ஒண்ணுல, எங்க தெருமுனை டீக்கடையில் ஒரு தாத்தாகிட்ட பேசினேன். அந்த ஊர்லயே பிறந்தவர், அந்த நிலத்திலேயே நெல் போட்டவர். "தாத்தா, உங்க வீட்டுக்குள்ள தண்ணி வரலையா?"ன்னு கேட்டேன். "வாசப்படி வரைக்கும் வந்துச்சுப்பா, உள்ள வரல. எங்க அப்பா காலத்துலயும் அப்படித்தான். ஊரு மேட்டுல இருக்கு, நீ குடியிருக்கிறது கழனில"ன்னார். கோபமெல்லாம் இல்லை, தகவல் சொல்ற மாதிரி சொன்னார்.

நான் போய்ப் பார்த்தேன். பழைய ஊர், கோயில், நத்தம் நிலம் எல்லாம் ஒரு ஆள் உயரம், அரை ஆள் உயரம் மேட்டில் இருந்தது. கண்ணுக்கே தெரியாத மேடு. சைக்கிளில் போனாத்தான் காலுக்குத் தெரியும். அதைச் சுத்தி நஞ்சை. அதைத் தாண்டி ஏரி உள்வாய். 1980, 90-களுக்குப் பிறகு வந்த மனைப்பிரிவுகள் பெரும்பாலும் நஞ்சையில். வேற எங்கே போவாங்க? மேடு ஏற்கனவே நிரம்பிடுச்சு, நகரத்துக்குள்ள விலை கட்டல. ஒரு ஆசிரியர், ஒரு ஃபேக்டரி தொழிலாளி, ஓய்வு பெற்ற ராணுவக்காரர், வாழ்நாள் சேமிப்பை அங்கே போட்டாங்க. அவங்களைப் போய் ஆக்கிரமிப்பாளர்னு திட்டுறதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவங்க கையில் பட்டா இருந்தது, வரைபட அனுமதி இருந்தது, கரண்ட் பில் இருந்தது. அந்த அனுமதியில் கையெழுத்து போட்டவங்க வீட்டுக்குள்ள தண்ணி வரல.

அப்புறம் ரோடுகள். படுகையில் ஒரு சாலையை உயர்த்திப் போட்டா அது ஒரு கரை மாதிரி. ஒரு பக்கம் காயும், மறுபக்கம் நிக்கும். வண்டலூர் மீஞ்சூர் வெளிவட்டச் சாலை இந்தப் பகுதி வழியாத்தான் போகுது. அடியில் எத்தனை கல்வெட்டுப் பாலம் விட்டிருந்தாலும், பரந்து போன தண்ணியைச் சில துவாரத்துக்குள்ள நுழையச் சொன்னா நேரம் எடுக்கும். ஒவ்வொரு தெருவும் சிமென்ட் ரோடு போடும்போது அரை அடி உயருது. பழைய வீடு குழிக்குள்ள போகுது.

2015-க்குப் பிறகு எதுவும் செய்யலைன்னு சொல்ல முடியாது. ஆற்றை அகலப்படுத்தினாங்க, மூடு கால்வாய்கள் கட்டினாங்க, ஒரத்தூர் பக்கம் புது நீர்த்தேக்க வேலை நடந்தது. அதனால் தண்ணி சீக்கிரம் வடியுது, இதை அங்கே இருக்கிறவங்களே சொல்றாங்க. ஆனா 2021-லும் 2023-லும் வரதராஜபுரத்தில் படகு வந்தது. கால்வாய் வடிய வைக்கும், சரிதான். நிலத்தின் உயரத்தை அது மாத்தாது.

சரி, தம்பியோட கேள்வி

புரோக்கரை விட்டுட்டு நாலு வேலை செய்யுங்கன்னு அந்தத் தம்பிக்குச் சொன்னேன். கிராம நிர்வாக அலுவலர்கிட்ட அந்தச் சர்வே நம்பர் பழைய பதிவேட்டில் நஞ்சையா, புஞ்சையா, ஏதாவது வாய்க்கால் ஒட்டி இருக்கான்னு கேளுங்க. பழைய சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தில் நீல நிறம் எங்கே இருக்குன்னு பாருங்க. ஊர்ப் பேரை, தெருப் பேரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, தாங்கல், மடுவு, ஏரின்னு வருதான்னு. ஈக்காட்டுத்தாங்கல்னு சொல்லும்போது அதில் ஒரு ஏரி இருக்குன்னு நாம நினைக்கிறதே இல்லை. தெருவில் பழைய காம்பவுண்ட் சுவர்களில் தண்ணி நின்ன கோடு தேடுங்க. புதுசா பெயின்ட் அடிச்சிருந்தா, பக்கத்துக் காலி மனைச் சுவரைப் பாருங்க, அதுக்கு யாரும் பெயின்ட் அடிக்க மாட்டாங்க.

"ஸ்டில்ட் பார்க்கிங் இருக்கு, நாங்க ரெண்டாவது மாடி, எங்களுக்கு என்ன?"ன்னு திரும்பக் கேட்டார். வீட்டுக்குள்ள தண்ணி வராது, உண்மைதான். லிஃப்ட் நிக்கும், மோட்டார் முழுகும், கரண்ட் கட் பண்ணுவாங்க, பாலுக்கும் மருந்துக்கும் படகு. வருஷத்தில் மூணு நாள், நாலு நாள். சில வருஷம் அதுவும் இல்லை. அந்த நாட்கள் வயசான அம்மா வீட்டில் இருந்தா ஒரு கணக்கு, ரெண்டு பேர் மட்டும்னா வேற கணக்கு. அப்புறம் அந்த ஸ்டில்ட் நிக்கிற மனையை நாலு அடி மண் கொட்டி உயர்த்தியிருப்பாங்க. அந்த நாலு அடித் தண்ணி பக்கத்து ஓட்டு வீட்டுக்குத்தான் போகும். இது வாங்குறவர் தப்பு இல்லை, ஆனா தெரிஞ்சு வாங்கணும்.

எனக்குத் தெரிஞ்சு அதே முடிச்சூர் ரோட்டில் 2015-லும் நனையாத தெருக்கள் இருக்கு. நானே அப்படி ஒரு தெருவுக்குத்தான் பிறகு மாறினேன், ஊரை விட்டுப் போகல. ரெண்டு தெருவுக்கும் நடுவில் நடந்தா ஏழு நிமிஷம். வாடகை ஆயிரத்து ஐந்நூறு ரூபா கூட.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி ஒரு போட்டோ அனுப்பினார். காலி மனைச் சுவர், செங்கல்லில் ஒரு மங்கின பழுப்புக் கோடு, அதற்குப் பக்கத்தில் அவர் மனைவி நிக்கிறாங்க. கோடு அவங்க தோளுக்கு வருது. கீழே ஒரு வரி: "அண்ணா, இது எந்த வருஷத்துக் கோடுன்னு கேட்டோம். பக்கத்து வீட்டு அக்கா, எந்தக் கோட்டைக் கேக்கறீங்கன்னு திருப்பிக் கேட்டாங்க. மேல இன்னொண்ணு இருக்காம்."

அட்வான்ஸ் இன்னும் கொடுக்கல. பழைய வரைபடம் எங்கே கிடைக்கும்னு கேட்டிருக்கார். அடுத்த எபிசோடில் அதைப் பத்தியே பேசலாம், ஒரு பழைய வரைபடத்தை வச்சுக்கிட்டு சேலையூரிலிருந்து பள்ளிக்கரணை வரைக்கும் ஏரி ஏரியா நடக்கப் போறோம். உங்க தெருவில் கோடு இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க, எந்த வருஷம்னு எழுதி.